விறைப்பான ஃப்ரீரைட் ஸ்னோபோர்ட் வாங்குவது எப்படி? சுவிஸ் மலைகளில் ஓட விரும்புவோருக்கான படிமுறை வழிகாட்டி

பவுடர் பனியில் ஓடுவதற்கு விறைப்பான பலகை வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் கடைக்குப் போகிறார்கள். உண்மையில் பவுடர் விறைப்பைக் கேட்பதில்லை. இரவு விழுந்த 40 சென்ரிமீற்றர் புதுப்பனியில், பலகையின் மூக்கு, அதாவது முன்நுனி, அகலமாக இருந்தால், நெகிழ்வான பலகையும் அழகாக மிதக்கும். விறைப்பு தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். காலை பத்து மணிக்குள் நூறு பேர் உழுதுவிட்ட கட்டிப்பனி, காற்று அடித்து இறுக்கிய மேலோடு, வெயிலே படாத வடக்குச் சரிவின் கடினப்பனி, லிஃப்ட் நிலையத்துக்குத் திரும்பும் மேடுபள்ளமான நீண்ட குறுக்குப்பாதை. ஃப்ரீரைட் என்பது சீர்செய்த பாதைக்கு வெளியே ஓடுவது; அப்படி ஒரு நாளின் பெரும்பகுதி இவற்றில்தான் கழிகிறது.

எனவே வடிவத்தைப் பவுடருக்காகத் தெரிவு செய்யுங்கள். விறைப்பை அன்றைய நாளில் நீங்கள் சந்திக்கப்போகும் மிக மோசமான பனிக்காகத் தெரிவு செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் 800 பிராங் கொடுத்து வாங்கிய பலகை இரண்டாம் வருடமே இணையத்தில் பாதி விலைக்கு விற்பனைக்கு வருகிறது.

1. இந்தப் பலகை உங்களுக்கு இப்போது வேண்டுமா?

மூன்று சோதனைகள் போதும். காலையில் இறுகிக் கிடக்கும், மிகக் கடினமானது என்று குறித்த கறுப்புப் பாதையில், பக்கவாட்டில் வழுக்கி இறங்காமல், திருப்பத்தோடு திருப்பம் கோத்து உங்களால் இறங்க முடிகிறதா? விரல்பக்க விளிம்பில் நின்றபடி 200 மீற்றர் குறுக்காகப் போக முடிகிறதா? கால் தளராமல், நடுவில் நிற்காமல், 500 மீற்றர் உயர வித்தியாசம் இறங்க முடிகிறதா?

ஒன்றுக்கேனும் இல்லை என்று பதில் வந்தால், இந்த வருடம் நடுத்தர விறைப்புள்ள, மூக்கு நீண்ட ஒரு பலகையே உங்களுக்குச் சரி. விறைப்பான பலகை வேகத்தில்தான் உயிர் பெறும். மெதுவாகப் போனால் அது வளையாது. வளையாத பலகை திரும்பாது. திரும்பாத பலகையை நீங்கள் பின்காலால் உதைத்துத் திருப்பப் பழகிவிடுவீர்கள். அந்தப் பழக்கத்தைப் பிறகு கழற்றுவது மிகவும் கடினம்.

எங்கே ஓடப்போகிறீர்கள் என்பதையும் இங்கேயே தீர்மானியுங்கள். அண்டர்மாட்டின் கெம்ஸ்ஸ்டொக் 2,961 மீற்றர் உயரம். அதன் வடக்குமுகச் சரிவுகள் திறந்தவை, செங்குத்தானவை, பனி இறுகிக் கிடப்பவை. எங்கல்பேர்க்கின் லவுப் சரிவு ஆயிரம் மீற்றருக்கும் அதிகமாக ஒரே மூச்சில் கீழிறங்கும். வெர்பியேயின் மொன்ஃபோர் பக்கமும் இதே குணம்தான். இவற்றுக்கு விறைப்பு நியாயமான தெரிவு. காட்டுமரங்களுக்கிடையே குட்டித் திருப்பங்கள் போடுவதுதான் உங்கள் ஆசை என்றால், குட்டையான, அகலமான, நெகிழ்வான பலகை வாங்குங்கள். ஜப்பானின் ஹொக்கைடோவில் அத்தகைய பலகைகளை எங்கும் காண்பதற்குக் காரணம் அங்குள்ள மரக்காடும் இலேசான பனியும்தான்.

2. கடைக்குப் போகுமுன் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

முதல் எண் உங்கள் எடை. உயரம் அல்ல. பலகையை நிறுத்தி நாடி வரைக்கும் வருகிறதா, மூக்கு வரைக்கும் வருகிறதா என்று பார்ப்பது வாடகைக் கடையின் அவசர முறை. பலகைக்கு உங்கள் உயரம் தெரியாது. அதன்மேல் எத்தனை கிலோ நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியும். குளியலறைத் தராசில் நின்று பாருங்கள். ஃப்ரீரைட் செய்பவர் பனிச்சரிவுப் பை, தண்ணீர், சவள், உடுப்பு எல்லாவற்றோடும்தான் நிற்பார். அது எளிதில் 7, 8 கிலோ வரும். இரண்டு எண்களையும் எழுதுங்கள்: வெறும் உடல் எடை, முழுச் சுமையோடு எடை.

இரண்டாவது எண் பாதத்தின் நீளம், மில்லிமீற்றரில். ஒரு தாளைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, குதிக்கால் சுவரில் முட்ட நின்று, நீண்ட விரலின் நுனியில் கோடு போடுங்கள். மாலையில் அளந்துகொள்ளுங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். இரண்டு கால்களையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். 270 மில்லிமீற்றர் வந்தால் உங்கள் மொண்டோ அளவு 27. ஐரோப்பிய அளவில் அது ஏறத்தாழ 42. சப்பாத்துப் பெட்டியில் உள்ள ஐரோப்பிய எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மொண்டோ எண் மாறாது.

3. நீளம்

ஒவ்வொரு பலகையின் ஒவ்வொரு நீளத்துக்கும் நிறுவனம் ஓர் எடை வரம்பு கொடுத்திருக்கும். அந்த வரம்பின் நடுவில் நீங்கள் விழ வேண்டும். ஃப்ரீரைட்டுக்கு நீளமாகத்தானே வாங்க வேண்டும் என்று சொல்லி, வரம்பின் கீழ்நுனியில் நிற்கும் ஒருவருக்கு ஒரு படி பெரிய பலகையைத் தலையில் கட்டுவது அடிக்கடி நடக்கிறது. 62 கிலோ எடையுள்ளவருக்கு 162 சென்ரிமீற்றர் பலகை விற்கப்படுகிறது. அவரால் அதை வளைக்கவே முடியாது.

சாதாரண அகலமுள்ள, விறைப்பான ஃப்ரீரைட் பலகையென்றால் உடல் எடையை வைத்துத் தொடங்க ஒரு கணக்கு: 60 முதல் 66 கிலோ வரை 151 முதல் 155, 67 முதல் 75 கிலோ வரை 156 முதல் 159, 76 முதல் 85 கிலோ வரை 159 முதல் 163, அதற்கு மேல் 164 முதல். இது தொடக்கம் மட்டுமே. இறுதி வார்த்தை அந்தந்தப் பலகையின் எடை அட்டவணைதான். குட்டையாக, அகலமாக ஓடுவதற்கென்றே செய்த பலகைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றை 3 முதல் 6 சென்ரிமீற்றர் வரை குறைத்து வாங்கச் சொல்லி நிறுவனமே எழுதியிருக்கும்.

இரண்டு நீளங்களுக்கிடையே மாட்டிக்கொண்டால் சுமையோடு உள்ள எடையைப் பாருங்கள். அது மேல் அளவின் நடுவுக்குப் போனால் பெரியதை எடுங்கள். போகாவிட்டால் சிறியது.

4. இடை அகலம்: மலிவாக வாங்குபவர் விழும் குழி

கழிவு விலையில் நல்ல பலகை கிடைக்கும்போது பலர் பார்க்க மறப்பது இந்த எண்ணைத்தான். பலகையின் நடுப்பகுதி ஒடுங்கியிருந்தால் சப்பாத்தின் முனையும் குதியும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செங்குத்தான சரிவில் பலகையைச் சாய்த்ததும் சப்பாத்து பனியில் உரசி, விளிம்பு பிடிவிடும். மென்மையான பாதையில் அது ஒரு சறுக்கல். கெம்ஸ்ஸ்டொக்கின் மேல்பகுதியில் அது நூறு மீற்றர் உருளல்.

கணக்கு எளிது. 27 மொண்டோ சப்பாத்தின் வெளிநீளம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். காலை 15 பாகை திருப்பி வைத்தால் பலகைக்குக் குறுக்காக அது 29 சென்ரிமீற்றர் இடம் பிடிக்கும். இடை அகலம் 252 மில்லிமீற்றர் என்று எழுதிய பலகை, பைண்டிங் (சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பிடி) பூட்டும் இடத்தில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு அகலமாக, 262 ஆக இருக்கும். மிச்சம் 28 மில்லிமீற்றர், பக்கத்துக்கு 14. இது நல்ல அளவு. பக்கத்துக்கு 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை நீட்டிக்கொண்டிருக்கலாம். சற்றும் நீட்டாவிட்டால் விளிம்பை அழுத்த நெம்பு கிடைக்காது. பலகை மந்தமாக இருக்கும்.

இதே பலகையில் 28.5 மொண்டோ, வெளிநீளம் 32 சென்ரிமீற்றர் உள்ள சப்பாத்தை வைத்தால் பக்கத்துக்கு 23 மில்லிமீற்றருக்கு மேல் வெளியே வரும். அவருக்கு 262 இடை அகலமுள்ள பலகை வேண்டும். நீள எண்ணுக்குப் பின்னால் அகலத்தைக் குறிக்கும் எழுத்து போட்ட மாதிரிகள் அவருக்கானவை. சிறிய பாதமுள்ளவர்கள், 25 மொண்டோவுக்குக் கீழே, எதிர்த் திசையில் ஏமாறுவார்கள். 255 இடையுள்ள விறைப்பான பலகை அவர்களுக்குக் கதவைத் திருப்புவதுபோல் இருக்கும். அவர்கள் பெண்களுக்கான ஃப்ரீரைட் மாதிரிகளையும் தயக்கமின்றிப் பார்க்கலாம். பலகைக்கு ஆண், பெண் என்ற பேதமில்லை. எடையும் பாதமும் பொருந்தினால் சரி.

5. விறைப்பு: பெட்டியில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்

1 முதல் 10 வரை எழுதப்படும் விறைப்பு எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 8 இன்னொன்றின் 6 ஆக இருக்கலாம். அதே நிறுவனத்தின் பலகைகளுக்குள் ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும். ஜோன்ஸ் நிறுவனத்தின் ஃபிளாக்‌ஷிப் மாதிரியை அந்நிறுவனம் 8 என்கிறது. நல்ல வேகத்தில் ஓடத் தெரிந்த ஒருவருக்கு அது நியாயமான விறைப்பு. 9, 10 என்று எழுதியவை போட்டியாளர்களுக்கும் எடை கூடியவர்களுக்கும். வாரஇறுதியில் மட்டும் மலைக்குப் போகும் 70 கிலோக்காரருக்கு 7 அல்லது 8 போதும். அதற்கு மேலே போகச் சொல்லி எந்தக் கடைக்காரர் வற்புறுத்தினாலும் கேட்காதீர்கள்.

கடையில் நீங்களே சோதிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

நீள்வாக்கு விறைப்பு: பலகையின் வாலை நிலத்தில் ஊன்றி, மூக்கை இடது கையால் பிடித்து, நடுவில் வலது உள்ளங்கையால் அழுத்துங்கள். அருகில் உள்ள நடுத்தரப் பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு தலைகீழாக்கி மறுபக்கம் செய்யுங்கள். நல்ல ஃப்ரீரைட் பலகையில் மூக்கு சற்று இளகலாகவும் பின்பாதி இறுக்கமாகவும் இருக்கும். மூக்கும் ஒரே இறுக்கமாக இருந்தால், கட்டிப்பனியில் அது மேடுகளின்மேல் ஏறாமல் உள்ளே குத்தும்.

முறுக்கு விறைப்பு: வாலை இரண்டு பாதங்களுக்கிடையே இறுக்கி, மூக்கின் இரு ஓரங்களையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் திருகுங்கள். கடினப்பனியில் பிடி தருவது இந்த விறைப்புதான். முன்காலில் கொடுத்த சாய்வு பலகை முழுவதற்கும் போய்ச்சேர வேண்டும். கண்ணாடி இழையை நீளவாக்கிலும் இரு சாய்விலும் பின்னிய மூவச்சு இழைப்பலகைகள் இதில் உறுதியானவை. கார்பன் பட்டிகள் சேர்த்தவை எடையும் குறைந்திருக்கும், விலையும் 150 முதல் 300 பிராங் வரை கூடியிருக்கும். முதல் விறைப்புப் பலகைக்குக் கார்பன் தேவையில்லை. கார்பன் நிறைந்த பலகை அதிர்வை அதிகம் காலுக்குக் கடத்தும். முழங்கால்தான் அதற்கு விலை கொடுக்கும்.

6. வடிவம்: மிதப்பு இங்கேதான் கிடைக்கிறது

மூன்று அளவுகளைக் கேளுங்கள்.

பின்தள்ளல்: இரு கால்களின் நடுப்புள்ளி, விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பது. 20 முதல் 40 மில்லிமீற்றர் வரை நல்லது. இது குறைவாக இருந்தால் பவுடரில் மூக்கைத் தூக்கப் பின்காலில் சாய்ந்துகொண்டே நிற்க வேண்டும். மதியத்துக்குள் தொடை எரியும்.

ஒடுக்கம்: மூக்கின் அகலத்துக்கும் வாலின் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம். வால் ஒடுங்கியிருந்தால் அது தானாகவே பனியில் தாழ்ந்து மூக்கு மேலே வரும். 5 முதல் 12 மில்லிமீற்றர் வரை பெரிய மலைக்கு ஏற்றது. 20 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் போனால் பவுடரில் இன்பம்தான். ஆனால் செங்குத்தான கடினப்பனியில் திருப்பத்தின் முடிவில் வால் நழுவும். எல்லா நாளும் ஓட ஒரே பலகை வேண்டுமென்றால் நடுவில் நில்லுங்கள்.

வளைவு: பலகையை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கால்களுக்கிடையே மேசையைத் தொடாமல் உயர்ந்து நிற்பது கேம்பர். அது இல்லாமல் கடினப்பனியில் பிடி கிடையாது. முன்காலுக்கு முன்னாலிருந்து மூக்கு மெல்ல மேலெழுவது ராக்கர். அது பவுடருக்கு. கால்களுக்கிடையே கேம்பர், மூக்கில் ராக்கர், வாலில் சிறிதளவு மட்டுமே ராக்கர் அல்லது தட்டை. இந்தச் சேர்க்கையைத்தான் இங்கே பரிந்துரைக்கிறோம். முழுக் கேம்பர் பலகை அனுபவசாலிகளின் கையில் அற்புதமானது. புதிதாகப் பவுடருக்கு வருபவரின் மூக்கைப் பனிக்குள் புதைத்துவிடும். கால்களுக்கிடையே ராக்கர் உள்ள பலகையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் இந்தத் தேவைக்கு வாங்காதீர்கள்.

7. பக்கவளைவு, விளிம்பு, அடிப்பரப்பு

பக்கவளைவு என்பது பலகையின் பக்க விளிம்பு உள்நோக்கி வளைந்திருப்பது. அதன் ஆரம் 8 முதல் 9.5 மீற்றர் வரை இருக்கட்டும். 7 மீற்றருக்குக் குறைந்தால் வேகத்தில் பலகை தானே திரும்பப் பார்க்கும். உழுதுபோட்ட பனியில் இது ஆபத்து. லிப் டெக் போன்ற நிறுவனங்கள் செய்யும் அலை வடிவ விளிம்பு கடினப்பனியில் கூடுதல் பிடி தரும். அதைத் தீட்டத் தெரிந்த பணிமனை அருகில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிப்பரப்பு அழுத்திச் சூடாக்கி இறுக்கிய வகையாக இருக்க வேண்டும். உருக்கி வார்த்த மலிவு வகை மெழுகை அதிகம் உறிஞ்சாது. தட்டையான இடங்களில் நின்றுவிடும். ஸ்கீக்காரர்களுக்குக் கைத்தடி இருக்கிறது. உங்களுக்கு இல்லை. குறுக்குப்பாதையின் நடுவில் நின்றுபோனால், ஒரு காலைக் கழற்றி இடுப்பளவு பனியில் நடக்க வேண்டியதுதான்.

8. சப்பாத்தும் பைண்டிங்கும்

விறைப்பான பலகையில் இளகலான சப்பாத்தைப் போட்டால் பலகைதான் உங்களை ஓட்டும். பலகை 8 என்றால் சப்பாத்தும் பைண்டிங்கும் 7 அல்லது 8 இருக்கட்டும். காசு குறைவாக இருந்தால் முதலில் சப்பாத்தில் செலவழியுங்கள், பிறகு பலகையில், கடைசியாகப் பைண்டிங்கில்.

சப்பாத்தை மெல்லிய ஒரு சோடி காலுறையோடு போட்டு, முழுதும் கட்டி, முழங்காலை மடித்து 20 நிமிடம் கடையிலேயே நில்லுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்புறத்தைத் தொட வேண்டும், மடித்தால் விலக வேண்டும். குதிக்கால் மேலே எழக் கூடாது. உள்சப்பாத்தைச் சூடாக்கி உங்கள் காலுக்கு வடிவமைப்பதைப் பல கடைகள் இலவசமாகச் செய்யும், கேட்டால்தான் செய்யும்.

பைண்டிங் வாங்குமுன் பலகையின் துளை முறையைப் பாருங்கள். பெரும்பாலானவை 4×4 அல்லது 4×2 அடுக்கில் துளைகள் கொண்டவை. பேர்ட்டன் பலகைகளில் நீண்ட சால் இருக்கும். அந்தச் சாலுக்கென்றே செய்த பைண்டிங் மற்றப் பலகைகளில் பூட்டாது. பாவித்த பொருள் வாங்குபவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

9. ஓடிப் பார்த்து வாங்குங்கள்

பெரிய விளையாட்டுக் கடைகளும் மலையடிவாரக் கடைகளும் சோதனைப் பலகைகளை நாள் வாடகைக்குத் தருகின்றன. 50 முதல் 70 பிராங் வரை ஆகும். பின்னர் அங்கேயே வாங்கினால் அந்த வாடகையைக் கழித்துவிடும் கடைகள் உண்டு. முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பவுடர் நாளில் சோதிக்காதீர்கள். பவுடர் நாளில் எல்லாப் பலகையும் நன்றாகத்தான் இருக்கும். பனி விழுந்து நான்கைந்து நாள் ஆன ஒரு நாளில் எடுங்கள். உங்கள் சொந்தச் சப்பாத்தையும், நீங்கள் வழக்கமாக வைக்கும் கால் இடைவெளியையும் கோணத்தையும் பாவியுங்கள். இறுகிய பாதையில் ஒரு இறக்கம், மேடுபள்ளத்தில் ஒரு இறக்கம், பாதையோரத்தில் உழுத பனியில் ஒரு இறக்கம், மெதுவாக ஒரு இறக்கம். கடைசிச் சோதனை முக்கியமானது. களைத்துப்போன மாலையில், மங்கிய வெளிச்சத்தில், நண்பரின் பின்னால் மெதுவாக இறங்கும்போதும் இந்தப் பலகையை உங்களால் ஆள முடிய வேண்டும்.

10. காசு, காலம், கடுதாசி

சுவிஸ் கடை விலை ஏறத்தாழ இப்படி வரும்: பலகை 650 முதல் 900 பிராங், பைண்டிங் 250 முதல் 400, சப்பாத்து 300 முதல் 450. இதோடு கணக்கு முடியவில்லை. பாதைக்கு வெளியே போகிறவருக்குப் பனிச்சரிவுத் தேடற்கருவி, குறைந்தது 240 சென்ரிமீற்றர் நீளமான தேடுதடி, உலோகச் சவள் ஆகிய மூன்றும் கட்டாயம். சேர்த்து 350 முதல் 500 பிராங். பாவிக்கப் பழகும் ஒருநாள் வகுப்புக்கும் பணம் ஒதுக்குங்கள். மொத்தத் தொகை கைக்கு மீறினால் பலகையின் விலையைக் குறையுங்கள். சவளையும் கருவியையும் வெட்டாதீர்கள். கடந்த வருடத்துப் பலகையும் அதே மலையில்தான் ஓடும்.

புதிய மாதிரிகள் செப்டெம்பர், ஒக்டோபரில் கடைக்கு வரும். விலைக்கழிவு பெப்ரவரியில் தொடங்கும். மார்ச், ஏப்ரலில் 30 முதல் 50 வீதம் வரை குறையும். ஆனால் நடுத்தர நீளங்கள் முதலில் தீர்ந்துவிடும். மிச்சமிருப்பது 149உம் 168உம்தான் என்றால், கழிவைப் பார்த்து மயங்காமல் திரும்பி வாருங்கள். ஒக்டோபர், நவம்பரில் ஊர்தோறும் நடக்கும் ஸ்கீபோர்ஸ் சந்தைகள் பாவித்த பொருளுக்கு நல்ல இடம். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

எல்லை தாண்டி ஜேர்மனியில், குறிப்பாகக் கொன்ஸ்டன்ஸில், வாங்குவது நம்மவர்களுக்குப் பழகிய வழி. அதற்கான படிகள் இவை. கடையில் பணம் செலுத்தும்போதே ஏற்றுமதிப் பத்திரம் கேளுங்கள். 50 யூரோவுக்கு மேற்பட்ட கொள்வனவுக்குத் தருவார்கள். உங்கள் பெயரும் சுவிஸ் முகவரியும் அதில் சரியாக இருக்க வேண்டும். பி அல்லது சி வதிவிட அனுமதி அட்டையைக் கையில் வைத்திருங்கள். நீங்கள் எந்நாட்டுக் குடிமகன் என்பதைவிட எங்கே வசிக்கிறீர்கள் என்பதே இங்கு கணக்கு. வெளியேறும்போது ஜேர்மன் சுங்கத்தில் பொருளைக் காட்டி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத பத்திரத்துக்குப் பணம் வராது. பிறகு அந்தப் பத்திரத்தைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தால் 19 வீத வரி திரும்பி வரும்.

அடுத்தது சுவிஸ் பக்கம். 2025 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு ஒரு நாளில் 150 பிராங் வரையான பொருளுக்குத்தான் வரிவிலக்கு. பலகை அதைத் தாண்டும், ஆகவே 8.1 வீதப் பெறுமதிசேர் வரி முழுத்தொகைக்கும் கட்ட வேண்டும். சுவிஸ் சுங்கத்தின் குவிக்சோல் செயலியில் எல்லையைக் கடக்குமுன்பே அறிவித்துக் கட்டிவிடலாம். அறிவிக்காமல் வந்து பிடிபட்டால் தண்டம். கைத்தொழில் பொருள்களுக்கான சுங்கத் தீர்வையை 2024 ஜனவரி 1 முதல் சுவிஸ் நீக்கிவிட்டதால், அந்தச் செலவு இல்லை.

எவ்வளவு மிஞ்சும்? 699 யூரோ பலகையில் ஜேர்மன் வரி ஏறத்தாழ 112 யூரோ திரும்பும். மீதி 587க்கு சுவிஸ் வரி 48 யூரோ அளவு போகும். வரியில் மட்டும் கிடைக்கும் இலாபம் 64 யூரோ. சூரிச்சிலிருந்து போக வர ரயில் செலவைக் கழித்துப் பாருங்கள். கடை விலையிலேயே பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் இந்தப் பயணம் பிரயோசனம்.

இணையத்தில் வாங்குபவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையக் கொள்வனவை 14 நாளுக்குள் காரணமின்றித் திருப்பிக் கொடுக்கச் சட்டம் உரிமை தருகிறது. சுவிஸ் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை. கடை தன் விருப்பத்தில் தருவதுதான். ஆகவே சுவிஸ் இணையக்கடையில் கட்டளை கொடுக்குமுன் திருப்பியனுப்பும் நிபந்தனையை வாசித்து, திரையைப் படமெடுத்து வையுங்கள். பைண்டிங் பூட்டிய பலகையைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். வீட்டுக் கம்பளத்தில் வைத்து அளந்து பார்த்து, நிச்சயமான பிறகே திருகாணியை எடுங்கள்.

பற்றுச்சீட்டைப் படமெடுத்து வையுங்கள். பலகையின் தொடர் எண்ணையும் சேர்த்து. குறைபாட்டுக்கான உத்தரவாதம் சட்டப்படி இரண்டு வருடம். பாறையில் அடிபட்டு விளிம்பு உடைந்தால் அது குறைபாடு ஆகாது. எதிலும் மோதாமலே அடுக்குப் பிரிந்தால் அது குறைபாடு. பிரிவைக் கண்டதும் ஓடுவதை நிறுத்திப் படமெடுங்கள்; தண்ணீர் உள்ளே போன பிறகு காட்டினால் வாதாட வேண்டிவரும்.

காப்புறுதி: ஒரே வேலைகொடுப்பவரிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு ஓய்வுநேர விபத்துக் காப்புறுதி தானாகவே உண்டு. மாணவர்களும் வேலையில்லாதவர்களும் மருத்துவக் காப்புறுதியில் விபத்தைச் சேர்த்திருக்கிறார்களா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். எச்சரிக்கைகளை மோசமாகப் புறக்கணித்து ஏற்பட்ட விபத்துக்குப் பணக் கொடுப்பனவு குறைக்கப்படலாம். டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான எஸ்எல்எஃப் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. முதல்நாள் மாலை அறிக்கையைப் பார்த்துத் திட்டமிட்டு, காலை அறிக்கையைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

11. பாவித்த பலகை வாங்கினால்

நேரில் பாருங்கள். தட்டையான மேசையில் வைத்து நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கேம்பர் செத்த பலகை எந்த விலைக்கும் வேண்டாம். விளிம்பு இரும்பை விரல்நகத்தால் முழு நீளத்துக்கும் தடவுங்கள். வெடிப்பு, வெளியே தள்ளிய துண்டு, அதன்மேலே பக்கச்சுவரில் கோடு இருந்தால் விட்டுவிடுங்கள். அடிப்பரப்பில் உட்பலகை தெரியும் அளவுக்குக் குழி இருந்தால், திருத்தச் செலவு 50 பிராங்குக்குக் குறையாது என்று கணக்கிடுங்கள். துளை ஒவ்வொன்றிலும் ஒரு திருகாணியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். துளையைச் சுற்றி அடிப்பரப்பு புடைத்திருந்தால், பைண்டிங் இழுத்துப் பிடுங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நல்ல நிலையில் உள்ள மூன்று வருடப் பலகைக்கு அதன் புதிய விலையில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

12. பூட்டுதலும் முதல் நாளும்

புதிய பலகை தொழிற்சாலை மெழுகோடும் கூரான விளிம்போடும் வரும். விளிம்பு மூக்கிலும் வாலிலும் பனியைத் தொடத் தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரை, மென்கல்லால் கூர்மையைச் சற்று மழுக்குங்கள். இல்லாவிட்டால் உழுதபனியில் நுனி பிடித்து உங்களை வீழ்த்தும். பாதங்களுக்கிடையே உள்ள விளிம்பைத் தொடாதீர்கள். அங்கே விளிம்பின் சாய்வு அடிப்பக்கம் 1 பாகையும், பக்கவாட்டில் 1 முதல் 2 பாகையும் போதும். பணிமனையில் முழுச் சேவைக்கு 50 முதல் 80 பிராங்.

நிறுவனம் குறித்துள்ள நடுப்புள்ளியிலிருந்து தொடங்குங்கள். கால் இடைவெளி தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூட, பெரும்பாலோருக்கு 53 முதல் 57 சென்ரிமீற்றர். முன்கால் 18 முதல் 21 பாகை. பின்கால் 0 முதல் 6 பாகை, முன்னோக்கியே. வாத்துபோல் இரு பக்கமும் திருப்பி வைக்கும் நிலையும் ஓடும், ஆனால் நீண்ட குறுக்குப்பாதைகளில் பின்முழங்கால் நோகும்.

எம்6 திருகாணிகள் எட்டையும் குறுக்குமாறாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மின்திருப்பி வேண்டாம், அளவுக்கு மீறி இறுக்கினால் அடிப்பரப்பில் குழி விழும். முதல் இரண்டு இறக்கத்துக்குப் பின் அவை தளர்ந்திருக்கும். சட்டைப்பையில் ஒரு சிறு திருப்பி இருக்கட்டும். லிஃப்ட்டில் ஏறுமுன் எட்டையும் தொட்டுப் பார்த்து மறுபடி இறுக்குங்கள்.

முதல் நாளைப் பாதையிலேயே கழியுங்கள். பின்காலின் தொடை மட்டும் எரிந்தால் இரண்டு பைண்டிங்கையும் ஒரு துளை பின்னால் நகர்த்துங்கள். திருப்பம் தொடங்கவே மறுத்தால் ஒரு துளை முன்னால். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு இறக்கம் ஓடிப் பார்த்து, சரியாக வந்த அளவைப் பலகையின் மேற்புறத்தில் அழியாத மையால் குறித்து வையுங்கள். கோடையில் பைண்டிங்கைக் கழற்றி, மெழுகைச் சுரண்டாமல் தடிப்பாக விட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நிலவறையின் ஈரத்தில் விளிம்பு ஒரே பருவத்தில் துருவேறிவிடும்.